வீட்டுக்காரிக்கு ஒரு அறை

பிஷ்கெக்,
1999 செப்டம்பர் 12

சல்தனத்துக்கு, புருல்கான் அக்காவோட சலாம்.

நீ நல்லா இருக்கியா? உன்னை விசாரிக்கிறதுக்கு முன்னாடி வீட்டை விசாரிக்கத்தான் கை போச்சு. அடக்கிக்கிட்டேன். நான் இங்க மகன் வீட்டுல ராணி மாதிரி இருக்கேன். மிர்லானும் மருமக ஜிபரும் வேலைக்குப் போயிடுறாங்க, பேத்தியை நான் பாத்துக்கிறேன். அஞ்சாவது மாடி. ஜன்னலைத் திறந்தா இன்னொரு ஜன்னல்தான் தெரியுது. பேத்தியோட பள்ளிக்கூடம் நேர் எதிர்லயே இருக்கு, அது ஒரு சௌகரியம்.

இருபத்தெட்டு வருஷம் குழந்தைங்க பள்ளிக்கூடத்துல சமையல்காரியா இருந்தவ நான். என் அடுப்பை நம்பி யார் கையிலயும் குடுத்ததில்ல. முதல் தடவையா உன்கிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன். அதனால கேளு. ஈரக் கரி போடாதே. நிலவறையில இருக்கிற உருளைக்கிழங்கை வாரம் ஒரு தடவை புரட்டி விடு. காத்து கிளம்பினா ஜன்னல் கதவுக்குக் கொக்கி மாட்டு, இல்லேன்னா நீலப் பெயின்ட் உதிரும்.

எதிர்வீட்டுக்காரி எழுதியிருந்தா. பகல் பூரா உன் ஜன்னல் திரை மூடியே கிடக்காமே? ஏன்? முப்பத்துநாலு வயசுல ஒரு பொம்பள ஏன் தனியா வந்து குடியிருக்கா, புருஷன் இருக்கானா, அம்மா அப்பா எந்த ஊருன்னு அன்னைக்கே கேட்டேன். சிரிச்சு மழுப்பிட்ட. சொந்தத் தங்கச்சி மாதிரி நெனச்சுக் கேக்குறேன், பதில் எழுது.

இன்னொரு சாவி என் கொழுந்தன் தொக்தோசுன்கிட்ட இருக்கு. அப்பப்ப வந்து வீட்டைப் பாத்துட்டுப் போவான். டீ போட்டுக் குடு. போன் பண்ணாதே. இங்க போன் கூடத்து நடுவுல இருக்கு, பேசுனா சுவர் கூடக் கேக்கும்.

உன் காலடி பட்ட இடம் செழிக்கட்டும்.

புருல்கான்


கராகோல்,
செப்டம்பர் 25

மரியாதைக்குரிய புருல்கான் அக்காவுக்கு,

சலாம். நான் நலம். வீடும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அஞ்சு மாடி ஏறி இறங்குவது கஷ்டமாயிற்றே.

ஈரக் கரி போடவில்லை. கிழங்கைப் புரட்டினேன், மூன்று அழுகியிருந்தன, எடுத்துப் போட்டுவிட்டேன். வடக்குப் பக்க ஜன்னலின் கொக்கி தளர்ந்திருந்தது, புதிது மாட்டியிருக்கிறேன். ஆப்பிளைப் பறித்து வைக்கோல் மேல் பரப்பி வைத்திருக்கிறேன். பாதி உங்களுக்கு, வரும் பேருந்தில் அனுப்புகிறேன்.

திரை விஷயம். ரொட்டி ஆலையில் எனக்கு இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மூன்று மணிவரை தூங்குவேன். வெளிச்சத்தில் தூக்கம் வராது. அவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டு விழித்தேன். இரவு உடையோடு, கரி அள்ளும் கரண்டியைக் கையில் பிடித்தபடி போனேன். உங்கள் கொழுந்தனார் என் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "கறி போடலையா?" என்றார். அவர் போய் என் பீரோவையும் திறந்து பார்த்து, "பூச்சி இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, அவர் வரட்டும். ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டு, மூன்று மணிக்கு மேல், கதவைத் தட்டிவிட்டு வரட்டும். டீ மட்டுமில்லை, சாப்பாடே போடுகிறேன். அடுத்த ஆகஸ்ட் வரை வீடு என் பொறுப்பு என்று தெருக்குழுத் தலைவி முன்னால் நாம் கையெழுத்திட்டிருக்கிறோம். அதைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

உங்கள் முழங்காலுக்குச் சூடு கிடைக்கட்டும்.

சல்தனத்


பிஷ்கெக்,
அக்டோபர் 5

சல்தனத்துக்கு,

உடம்புக்கு ஒண்ணுமில்லையே? எனக்கு மனசுதான் சரியில்ல. ஆப்பிள் வந்துச்சு. வாசனை வந்ததும் அழுதுட்டேன், அது வேற.

நீ எழுதுனதைப் படிச்சு ரத்தம் கொதிச்சுச்சு. என் புருஷனோட கூடப்பிறந்தவன், என் வீட்டு வாசல்ல நின்னு உன்கிட்ட அனுமதி கேக்கணுமா? சட்டி மூடியைத் திறந்தா குத்தமா? இருபத்தெட்டு வருஷம் நான் எத்தனை பேரு சட்டியைத் திறந்திருக்கேன் தெரியுமா? நம்ம ஆளுங்க வீட்டுல கதவுக்கு வேலையே கிடையாது. வர்றவன் வருவான், உக்காருவான், ரொட்டியைப் பிட்டு வாயில போடுவான். கதவை மூடுறவளுக்கு ஒளிக்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். உனக்கு ஒளிக்க என்ன இருக்கு? சொல்லேன். நான் கேட்ட மூணு கேள்விக்கு ஒரு வரி கூட நீ பதில் எழுதல. கிழங்கைப் பத்தி எழுதத் தெரியுது!

உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தொக்தோசுன் வருவான். எப்ப வேணா வருவான்.

இந்தக் கடிதத்தைக் குளியலறையில துணி துவைக்கிற மெஷின் மேல வெச்சு எழுதுறேன். என் கட்டில் கூடத்துல, டிவி பக்கத்துல கிடக்கு. ராத்திரி எல்லாரும் டிவி பாத்து முடிச்சாத்தான் நான் படுக்க முடியும். தாழ்ப்பாள் இருக்கிற ஒரே இடம் இதுதான். மருமக வெளியில நின்னு தட்டுறா. நிறுத்துறேன்.

அடுப்பு புகையாம இருக்கட்டும்.

புருல்கான்


கராகோல்,
அக்டோபர் 21

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அடுப்பு புகையவில்லை.

நேற்று பூட்டை மாற்றிவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். திங்கட்கிழமை பகல் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் திறந்தபோது என் கட்டில் காலருகே முன்பின் தெரியாத ஒரு ஆள் குனிந்து அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் சுவர் மூலையில் நின்று எண்களை எழுதிக்கொண்டிருந்தான். வாசலில் உங்கள் கொழுந்தனார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "யார் நீங்க?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ தூங்கும்மா" என்றார் அவர். "பழைய சாமான் வாங்குறவங்க."

பழைய சாமான் வாங்குகிறவன் அறையின் நீளத்தை எதற்கு அளக்கிறான்? போகும்போது ஒருவன் இன்னொருவனிடம் நிலவறையின் ஆழத்தைக் கேட்டான்.

எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒன்றுமில்லை, அக்கா. இரண்டு பாவாடை, ஒரு குளிர்காலக் கோட்டு, உப்பில்லாத சூப்பு. ஒளிக்க ஒன்றுமில்லாதவளுக்கும் கதவு வேண்டும். நான் நல்லவள் என்று நிரூபித்துக் காட்டி அதற்குப் பரிசாக வாங்கவேண்டிய பொருள் இல்லை அது. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் நான் பதில் சொல்லாததற்குக் காரணமும் இதுதான்.

கோபப்படுங்கள், பரவாயில்லை. வீடு உங்களுடையது என்பதை நான் ஒருநாளும் மறக்கவில்லை. அதனால் புதுப் பூட்டின் இரண்டாவது சாவியை இந்த உறைக்குள் துணியில் தைத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

உங்கள் பதிலுக்காக,
சல்தனத்


பிஷ்கெக்,
நவம்பர் 2

சல்தனத் அவர்களுக்கு,

என் தாயார் புருல்கான் அவர்களுக்கு உடல்நிலை சரியில்லாததால் இனி வீடு சம்பந்தமாக அவருக்கு எழுத வேண்டாம். எதுவானாலும் எனக்கு எழுதவும். வீடு எங்கள் குடும்பத் தேவைக்கு வேண்டியிருப்பதால் இம்மாதம் இருபதாம் தேதிக்குள் காலி செய்து தரவும். வயதானவரைத் தொந்தரவு செய்வது உங்களுக்கு அழகல்ல.

மிர்லான்


கராகோல்,
நவம்பர் 9

மிர்லான் அவர்களுக்கு,

சலாம். உங்கள் தாயார் விரைவில் குணமடையட்டும்.

நான் ஒப்பந்தம் செய்தது அவரோடு. அது ஆகஸ்ட் வரை. அவர் தன் கையால், "போ சல்தனத்" என்று இரண்டே வார்த்தை எழுதட்டும். மறுநாள் மூட்டை கட்டுகிறேன். அதுவரை இங்கேதான் இருப்பேன். எனக்கு எது அழகு என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

சல்தனத்


கராகோல்,
நவம்பர் 24

அன்புள்ள புருல்கான் அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. என்னோடு ஆலையில் வேலை செய்கிறவள் பிஷ்கெக் வருகிறாள். பேத்தியின் பள்ளி உங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வாசலில் நின்று, உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் உடம்புக்கு என்ன? உங்கள் மகன் எனக்கு எழுதினார். உங்களுக்கு முடியவில்லை என்றும், நான் காலி செய்ய வேண்டும் என்றும். அது உங்கள் மனசு இல்லை என்று பட்டது. ஏனென்றால் அந்தக் கடிதத்தில் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இருபத்தோராம் தேதி உங்கள் கொழுந்தனார் வந்தார். பூட்டுக்குள் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. புதுப் பூட்டு, அக்கா! அதன் இரண்டாவது சாவியை அக்டோபர் மாதம் உங்களுக்கு மட்டும் அனுப்பினேன். நல்லவேளை, உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருந்தேன். கதவு திறக்கவில்லை.

"தெறடி!" என்று உதைத்தார்.

"சாவி யார் குடுத்தா?" என்றேன்.

"யார் குடுத்தா உனக்கென்ன? எங்க அண்ணன் கட்டுன வீடு!"

"அண்ணன் கட்டுனாரு, அண்ணி குடுத்தாங்க. அண்ணியைக் கூட்டிட்டு வாங்க, தெறக்குறேன்."

போகிற போக்கில் வாசல் மின்சாரப் பெட்டியிலிருந்து ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் மெழுகுவர்த்தியில் ஓட்டினேன். மறுநாள் ஆலையின் எலக்ட்ரீசியன் வந்து சரி செய்தார். எதிர்வீட்டுக்காரி அதையும் உங்களுக்கு எழுதுவாள். எழுதட்டும்: வந்தது ஒரு ஆண்பிள்ளைதான், அறுபத்து மூன்று வயது, இரண்டு கிண்ணம் டீ குடித்தார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாவியை நீங்கள் கொடுத்தீர்களா? ஆம் என்றால் ஆம் என்று எழுதுங்கள், வருத்தத்தோடு போய்விடுகிறேன். இல்லை என்றால், உங்கள் கடிதத்தை யாரோ பிரித்திருக்கிறார்கள்.

சல்தனத்


பிஷ்கெக்,
டிசம்பர் 4

என் சல்தனத்துக்கு,

எனக்கு ஒண்ணும் முடியாமப் போகல. குதிரை மாதிரி இருக்கேன். உன் தோழி பள்ளிக்கூட வாசல்ல, "நீங்கதானே அடுப்பு அக்கா?"ன்னு கேட்டுக் குடுத்தா.

நீ அனுப்புன சாவியை நான் கண்ணால பாக்கல. அக்டோபர் கடிதமே அப்ப என் கைக்கு வரல. நீ கோபிச்சுக்கிட்டு எழுதாம இருக்கேன்னு நெனச்சு, நானும் வீம்பா எழுதாம இருந்தேன்.

அன்னைக்குச் சாப்பாட்டு மேசையில உன் கடிதத்தை எடுத்து வெச்சேன்.

"மிர்லான், சாவி எங்க?"

"எந்த சாவிம்மா?"

"சல்தனத் எனக்கு அனுப்புன சாவி."

சூப்பைக் குடிச்சுக்கிட்டே சொல்றான்: "சித்தப்பாவுக்கு அனுப்பிட்டேன். உங்களுக்கு எதுக்குக் கவலைன்னுதான். நல்ல கிராக்கி வந்திருக்காங்கம்மா. மலையேற வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு விடுதி கட்டப் போறாங்களாம். வித்தா நாம பெரிய வீடா வாங்கிடலாம். உங்களுக்குத் தனி ரூம் தர்றேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா நீங்க அழுவீங்க."

எந்திரிச்சுப் போய் என் பெட்டியைத் திறந்தேன். வீட்டுப் பத்திரம் இல்ல. என் புருஷனோட போட்டோவுக்கு அடியில, நான் மடிச்சு வெச்ச சால்வைக்கு நடுவுல இருந்தது. சால்வை வேற மாதிரி மடிச்சிருந்தது. பெட்டியைப் பிடிச்சுக்கிட்டே கேட்டேன், "என் பெட்டியை ஏன்டா திறந்தே?"

"பெத்த மகன்கிட்ட ஒளிக்க உங்களுக்கு என்ன இருக்கு?"ன்னான்.

சல்தனத், நான் உனக்கு எழுதுன அதே வார்த்தை. வாயிலேயே யாரோ அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எனக்கும் ஒளிக்க ஒண்ணுமில்லதான். ஆனா அந்தச் சால்வையை அவன் மடிச்சிருந்த விதத்தைப் பாத்ததும், உதறிப் பிரிச்சு என் மடிப்புலயே மறுபடி மடிச்சேன். நீ அன்னைக்குப் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டது, மறுநாள் உன் அக்டோபர் கடிதம் கைக்குக் கிடைச்சுப் படிச்சப்ப எனக்கு நல்லாவே புரிஞ்சுது. ரெண்டு வரியில எழுதிட்ட. எப்படி இருந்திருக்கும்!

மறுநாள் பாத்திரம் கழுவும்போது ஜிபர் என் காதுல, "அத்தை, பத்திரமும் உங்களுக்கு வந்த அக்டோபர் கடிதமும் அலமாரி மேல் தட்டுல, தொப்பிப் பெட்டியில இருக்கு"ன்னா. அவ உடனே, "நீங்களும் இனிமே என் அலமாரியை அடுக்கித் தர்றேன்னு திறக்காம இருந்தா நல்லாருக்கும்"னா. நல்லா வாங்கிக்கிட்டேன். வேணும் எனக்கு.

பத்திரம் இப்ப என் இடுப்புல துணிப் பையில இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ யாருக்கும் கதவைத் திறக்காதே. இது வீட்டுக்காரி உத்தரவு. இல்ல, உத்தரவு இல்ல. உன் இஷ்டம்.

உனக்குக் கெட்ட கனவு வராம இருக்கட்டும்.

புருல்கான்


கராகோல்,
டிசம்பர் 15

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ஆலையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். குதிரை மாதிரி இருக்கிறீர்கள் என்பதே போதும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் திரும்ப வந்தார்கள். இந்த முறை ஜீப்பில். வாங்குகிறவர் நல்ல உரோமத் தொப்பி போட்ட மனிதர். பின்னால் உங்கள் கொழுந்தனார், முழங்கால் அளவு பனியில். நான் கதவைத் திறக்கவில்லை, ஜன்னலைத் திறந்தேன். தெருவில் அப்போது ஆள் நிறைய. பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வந்து ஒரு தடவை பாத்துக்கிறோம்" என்றார் தொப்பிக்காரர்.

"யாரு வீட்டை?"

"இவரு அண்ணி வீடு. அவங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாமே, பாவம். மகன்தான் எல்லாம் பாத்துக்கிறாராம்."

எனக்கு அதுவரை பயம் இருந்தது, அக்கா. மறைக்க மாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அது போய்விட்டது. தெருவே கேட்கக் கத்தினேன்:

"புருல்கான் அக்காவுக்குப் புத்தி நல்லா இருக்கு! போன வாரம் எனக்குக் கடிதம் எழுதியிருக்காங்க, நாலு பக்கம்! வீட்டுப் பத்திரம் அவங்க இடுப்புல இருக்கு. கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுதியிருக்காங்க. யாருக்குச் சந்தேகமோ வாங்க, படிச்சுக் காட்டுறேன்!"

பனி தள்ளுகிறவர்கள் மண்வாரியை ஊன்றி நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி, உங்களுக்கு என்னைப் பற்றி எழுதுகிறவளேதான், துடைப்பத்தோடு வந்து, "புருல்கானுக்குப் புத்தி பேதலிச்சுதா? தொக்தோசுன், உன் வாய் அழுகிடும்!" என்றாள். தொப்பிக்காரர் ஜீப்பில் ஏறிவிட்டார். உங்கள் கொழுந்தனாரை ஏற்றிக்கொள்ளவில்லை. அவர் நடந்துதான் போனார்.

உங்கள் சொந்த விஷயத்தைத் தெருவில் போட்டு உடைத்ததற்கு மன்னியுங்கள். பக்கங்களைப் படித்துக் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அதற்காக உங்கள்மேல் பிரியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

சல்தனத்


பிஷ்கெக்,
2000 ஜனவரி 10

சல்தனத் தங்கச்சிக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதா விடியட்டும். எதிர்வீட்டுக்காரி எட்டுப் பக்கம் எழுதியிருந்தா. நீ ஜன்னல்ல நின்ன கோலத்தை அவ வர்ணிச்சதைப் படிச்சு மெஷின் மேல உக்காந்து சிரிச்சேன். மருமக பயந்துபோய்க் கதவைத் தட்டினா.

மிர்லான் என்கூடப் பேசுறதில்ல. ஒரு மாசமாச்சு. சாப்பாட்டைப் போட்டா சாப்பிடுறான், உப்பு வேணும்னா பேத்தியை விட்டுக் கேக்குறான். ஜிபர் பேத்தியைச் சாயங்காலம் வரைக்கும் பள்ளியிலேயே வெச்சுக்க ஏற்பாடு பண்ணிட்டா. எனக்கு இங்க இனி வேலை இல்ல. முதல் கடிதத்துல ராணின்னு எழுதுனேன். எந்த ராணி டிவி பக்கத்துல படுக்குறா?

ஊருக்கு வரணும்னு இருக்கு. ஆனா ஆகஸ்ட் வரைக்கும் வீடு உன்னுதுன்னு கையெழுத்துப் போட்டவ நான். நீ அந்தக் கையெழுத்துக்காகத் தனியா நின்ன. நான் வந்து, "வீட்டுக்காரி வந்துட்டேன், நகரு"ன்னு சொன்னா, தொக்தோசுனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அதனால ஒண்ணு கேக்குறேன், சிரிக்காதே. பின்பக்கத்துச் சின்ன அறையை எனக்கு வாடகைக்குத் தருவியா? முடியாதுன்னா முடியாதுன்னு எழுது. இங்கேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிக்கிறேன், ஆகஸ்ட் என்ன, கண்ணை மூடித் திறந்தா வந்துரும். உனக்கு என்ன நிபந்தனை இருந்தாலும் எழுது. இந்த வயசுல குடித்தனக்காரியா இருக்கக் கத்துக்க முடியுமான்னு பாப்போம்.

பதில் தெரியுற வரைக்கும் மூட்டை கட்ட மாட்டேன். பாதிதான் கட்டியிருக்கேன்.

புருல்கான்


கராகோல்,
ஜனவரி 18

அன்புள்ள அக்கா,

சிரித்தேன். மன்னியுங்கள். பிறகு மூன்று நாள் யோசித்தேன். உடனே "வாங்க" என்று எழுதியிருந்தால் அது மரியாதைக்காக எழுதியதாகியிருக்கும். யோசித்து எழுதுகிறேன்: வாருங்கள்.

நிபந்தனை கேட்டீர்கள். காலை எட்டிலிருந்து மூன்று வரை பாத்திரம் உருட்டக் கூடாது. முன்னறை என்னுடையது. என் சட்டி மூடியை நீங்கள் திறந்து பார்க்கலாம், ஆனால் உப்பு போடக் கூடாது. எனக்குக் கடிதம் வந்தால் மேசையில் வையுங்கள், யாரிடமிருந்து என்று முத்திரையைப் பார்க்காதீர்கள். பார்த்தாலும் கேட்காதீர்கள்.

உங்கள் நிபந்தனைகளையும் எழுதுங்கள். நான் சுத்தம் போதாதவள் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லியிருப்பாள், உண்மைதான்.

வாடகையை நேரில் பேசிக்கொள்ளலாம், யாருக்கு யார் தருவது என்பது உட்பட. தெருக்குழுத் தலைவியிடம் புதுத் தாளுக்குச் சொல்லிவிட்டேன். "வீட்டுக்காரி குடித்தனக்காரிக்குக் குடித்தனக்காரியா? இதை எந்தப் புத்தகத்துல எழுதுறது?" என்று தலையைச் சொறிந்தார்.

நேற்றே பின்னறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வெளியிலிருந்து அதைத் திறக்க வழியே கிடையாது. நானும் திறக்க முடியாது.

மீதி மூட்டையைக் கட்டுங்கள்.

சல்தனத்


கராகோல்,
மார்ச் 5

மகன் மிர்லானுக்கு அம்மாவின் சலாம்.

நீ, ஜிபர், குழந்தை எல்லாரும் சுகமா? ஜிபருக்குத் தனியா ஒரு சீட்டு வெச்சிருக்கேன், ஒட்டிய உறை. பிரிக்காம அவகிட்ட குடு. நான் அவகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குவேன்.

உன் கடிதம் வந்துச்சு. சொந்த வீட்டுலேயே வாடகைக்கு இருக்கீங்களாமே, ஊர் சிரிக்குது, சித்தப்பா தலை காட்ட முடியலன்னு எழுதியிருக்க. ஊர் சிரிக்கத்தான் செய்யுது. நாங்களும் சிரிக்கிறோம். முதல் வாரம் ரெண்டு தடவை சண்டை போட்டோம், ஒண்ணு உப்புக்கு, ஒண்ணு நான் விடிகாலையிலேயே அடுப்புச் சாம்பலைத் தட்டுனதுக்கு. அவ ஒரு நாள் பூரா பேசல. மறுநாள் ஆலையிலிருந்து சூடா ரொட்டி கொண்டாந்து என் கதவுக்கு வெளியில வெச்சுட்டுப் போயிட்டா. உள்ள வரல.

அவ யாரு, எங்கேயிருந்து வந்தா, புருஷன் என்ன ஆனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எனக்காகத் தெருவுல நின்னவ அவன்னு தெரியும். போதும்.

உன் சித்தப்பா போன வாரம் வந்தான். தட்டினான். சல்தனத் தூங்கிட்டு இருந்தா. நான் சமையலறையில எண்ணெயில மாவைப் பொரிச்சுக்கிட்டு இருந்தேன், எனக்கு நல்லாவே கேட்டுச்சு. கால் மணி நேரம் நிக்க விட்டுத்தான் திறந்தேன். வேணும்னுதான். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொன்னவன். டீ குடுத்தேன். குனிஞ்ச தலையோட குடிச்சுட்டுப் போனான்.

வீட்டை விக்கிற பேச்சை இனி எடுக்காதே. அளக்க யாரையும் அனுப்பாதே. நான் செத்தப்புறம் என்ன செய்யணும்னு எழுதி வெச்சிருக்கேன், அதை நான் செத்தப்புறம் படிச்சுக்கோ. அதுக்கு முன்னாடி தேடாதே.

நீ என் மகன், அதுல மாத்தமில்ல. நோரூஸ் வசந்தப் பண்டிகைக்கு மூணு பேரும் வரணும்னு ஆசைப்படுறேன். ராத்திரி தங்கணும்னா முன்னறை ஒண்ணுதான் இருக்கு, அது அவ அறை. நேத்து அவகிட்ட கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கா.

அம்மா